பிள்ளை வெளியூர்க் கல்லூரியில்: போனில் எப்படிப் பேசுவது?

முதல் சில வாரங்கள்தான் இரண்டு பக்கமும் கடினம். மனசு கேட்காமல் தினமும் மூன்று முறை கூப்பிட்டால், அறைத்தோழர்களோடு பிள்ளை பழகும் நேரம்தான் குறையும். வாரத்துக்கு 2 அழைப்பு போதும். நாளையும் நேரத்தையும் பிள்ளையே சொல்லட்டும். இடையில், வீட்டுச் செடி பூத்த படம் மாதிரி, பதில் எதிர்பார்க்காமல் ஏதாவது அனுப்புங்கள்.

"சாப்பிட்டியா?" என்றால் "ம்" என்றுதான் வரும். "இன்னைக்கு யாரோட உட்கார்ந்து சாப்பிட்ட?" என்று கேளுங்கள். தனியாகத் தவிக்கிற பிள்ளை அந்த இடத்தில்தான் தயங்கும்.

இரவில் அழுதால் உடனே பெட்டி கட்டாதீர்கள். குறுக்கிடாமல் கேளுங்கள், காலையில் மறுபடி பேசுங்கள். பாதி பாரம் இறங்கியிருக்கும். ஆனால் 2 வாரமாகத் தூக்கமில்லை, வகுப்புக்கும் போகவில்லை என்றால் நேரில் போய் மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். விடுதிக் காப்பாளரை அப்போதே கூப்பிடுங்கள். அவருடைய போன் எண்ணை, பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கிற அன்றே வாங்கி வைத்திருக்க வேண்டும்.