அணை நீர் வடியும்போது: கிருஷ்ணகிரி, தருமபுரியில் வலசை நீர்ப்பறவைகளைப் பார்க்கும் முறை

கடலோர ஊர்களில் வலசைப் பறவைகளைப் பார்க்கச் செல்வோர் கடல்நீர் ஏறி இறங்கும் ஓத நேரத்தை விசாரித்துக்கொண்டு கிளம்புவார்கள். கடலே இல்லாத நம் இரு மாவட்டங்களில் கவனிக்க வேண்டியது நீர்மட்டம். 52 அடி உயரமுள்ள கிருஷ்ணகிரி அணை நிரம்பியிருக்கும்போது கரைச் சேறு முழுவதும் மூழ்கிவிடுவதால், அலகால் சேற்றைத் துழாவி உண்ணும் உள்ளான்களுக்குக் காலூன்ற இடமிராது. பாசனத்துக்குத் தண்ணீர் திறந்து, கரையோரம் ஈரம் காயாத சேறு வெளிப்பட்ட பின் செல்வதே நல்லது. நீர்மட்டம் நாளிதழ்களில் வெளிவருகிறது. வாத்துகளை மட்டும் பார்ப்பதானால் இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஓசூர்ப் பக்கம், குறிப்பாகக் கெலவரப்பள்ளி அணையில், மார்கழிப் பனி விலகும் வரை எதுவும் தெரியாது என்பதால் விடியுமுன் ஓடுவதில் பயனில்லை. காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகுப்புறம் விழும். எதிர்வெயிலில் எல்லா வாத்துகளும் கருப்பாகவே தெரியும். 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்வில்லை கொண்ட) இருநோக்கி போதும்.

வாத்துகளில் தட்டைவாயனை அகன்ற அலகும், ஊசிவால் வாத்தை நீண்ட கழுத்தும் கூரிய வாலும் காட்டிக்கொடுக்கும். வலசை வந்த புதிதில் ஆண்களும் பெட்டைகளைப் போலப் பழுப்பாக இருப்பதால் நிறத்தை நம்ப வேண்டாம். நீலச்சிறகியின் ஆண் பிப்ரவரி வரைகூட அப்படியே இருப்பதுண்டு. சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தால் கூட்டம் மொத்தமாக எழும். அந்தச் சில நொடிகளில் நீலச்சிறகி ஆணின் முன்சிறகிலுள்ள வெளிர்நீலம் தெளிவாகத் தெரியும் என்பதால், பருந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு வாத்துகளைப் பாருங்கள்.

கரைப்பறவைகள்தாம் புதியவர்களைத் திணறடிப்பவை. இவற்றில் நிறத்தைவிட நடை உதவும். சிறு பட்டாணி உப்புக்கொத்தி குடுகுடுவென ஓடி, சட்டென நின்று, குனிந்து ஒரு கொத்துக் கொத்தும். அருகில் வந்தால் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரியும். சாதாரண உள்ளான் ஓயாமல் பின்புறத்தை ஆட்டிக்கொண்டே நடக்கும். அதன் வயிற்றின் வெண்மை தோளருகே மேலேறியிருக்கும். பொறி உள்ளானுக்கு முதுகில் வெண்புள்ளிகளும் கண்ணைத் தாண்டிச் செல்லும் வெள்ளைப் புருவமும் உண்டு. பறக்கும்போது வாலின் அடிப்பகுதி வெள்ளையாகத் தெரியும். கொசு உள்ளான் ஏறத்தாழச் சிட்டுக்குருவியளவே இருக்கும்.

பரிசலில் வலை எடுப்பவர்களைப் பெரிதாகப் பொருட்படுத்தாத பறவைகள், கரையில் நிமிர்ந்து நின்று கைநீட்டும் ஒருவரைக் கண்டதும் எழுந்துவிடும். ஆகவே ஓரிடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். உண்ணும் பறவைகள் பெரும்பாலும் தாமாகவே நெருங்கி வரும். அவை தலையை உயர்த்தி ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால், அதற்கு மேல் ஓரடியும் முன்வைக்காதீர்கள். பெருங்கூட்டத்தை எண்ணும்போது, பத்துப் பறவைகள் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கண்ணால் அளந்து, அதே அளவு கூட்டம் முழுவதிலும் எத்தனை முறை வருகிறது என்று கணக்கிடுங்கள். பறவைகள் நெருக்கமாக உள்ள பகுதிக்கும் கலைந்து கிடக்கும் பகுதிக்கும் தனித்தனியே அளவெடுப்பது அவசியம்.