கேடயம் வாங்குமுன் முதுகைப் பாருங்கள்

அலங்காரக் கேடய நகல்களைச் சேர்க்கத் தொடங்கும் எல்லோரையும் முதலில் மயக்குவது முன்பக்கம்தான். நானும் அப்படித்தான் மயங்கினேன். முதலில் வாங்கியது ‘டால்’ எனப்படும் வட்டக் கேடயத்தின் நகல். இந்தியாவிலும் ஈரானிலும் புழங்கிய வகை அது. முகத்தில் நான்கு குமிழ்கள் இருக்கும். சுவரில் மாட்டிய மூன்றாம் மாதம் ஒரு குமிழ் கழன்று விழுந்தது. பார்த்தால் அடியில் வெறும் பசை! அசலில் அந்தக் குமிழ்கள் சும்மா அழகுக்கு வைத்தவை அல்ல. பின்னால் கைப்பிடி வளையங்களைப் பிடித்து நிற்கும் ஆணிகளை மூடுவதற்காக இருப்பவை. வளையங்களுக்கு நடுவே, விரல்முட்டி அடிபடாமலிருக்க ஒரு சின்ன மெத்தையும் உண்டு. என்னுடையதைத் திருப்பினால் தகரமும் ஒரு கொக்கியும்தான்.

அதனால், பின்பக்கப் படம் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். தகட்டைத் தட்டி உருவம் எழுப்பியிருந்தால், முன்னால் மேடாக இருப்பது பின்னால் குழியாகவும் சுத்தியல் தடங்களோடும் தெரியும். வெண்கலப் பொடி கலந்த ரெசின் (இறுகிய செயற்கைப் பிசின்) என்றால் தொட்டால் உலோகத்தின் குளிர்ச்சி இருக்காது, தட்டினால் ‘மொத்’தென்று கேட்கும். வெண்கலம் என்று சொல்லி விற்றதில் காந்தம் ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்பு.

பழையது என்றாலே அசல் என்று நினைப்பது அடுத்த தவறு. மில்டன் கேடயத்தையே பாருங்கள். 1867 பாரிஸ் கண்காட்சியில் வைக்க, எல்கிங்டன் என்ற ஆங்கிலேய உலோகக்கலை நிறுவனத்துக்காகப் பிரெஞ்சுக் கலைஞர் மோரெல்-லாதேய் செய்தது. எந்த வீரனும் அதை ஏந்திப் போருக்குப் போகவில்லை. அச்சில் மின்சாரத்தால் செம்பைப் படியவைத்து அதற்கு நிறைய நகல்கள் எடுத்து விற்றார்கள். அந்த நகல்களிலேயே பலவற்றுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. ஆக, விற்பவர் ஒரு பொய்கூடச் சொல்லாமலே நாம் ஏமாறலாம்.

அதற்காக எல்லா நகலிலும் பின்பக்கக் குறை தேடவும் கூடாது. 1857இல் தேம்ஸ் ஆற்றில் கிடைத்த, பாட்டர்சி கேடயம் எனப்படும் பழங்காலக் கேடயத்தில் மிஞ்சியது வெண்கல முகப்பு மட்டுமே. அதன் நகலுக்கு முதுகு எப்படி அமைந்தாலும் அது செய்தவரின் ஊகம்தான். அளவை மட்டும் பாருங்கள்: அசல் சுமார் 78 செ.மீ. உயரம்.

சரி, வாங்கியாயிற்று. உடனே பித்தளைப் பாலிஷை எடுத்துத் தேய்க்காதீர்கள். பல நகல்களின் மேல் மெல்லிய வார்னிஷ் பூச்சு இருக்கும். பாலிஷ் அதை அங்கங்கே உரித்துவிடும், உரிந்த இடம் மட்டும் கறுத்துத் திட்டுத்திட்டாகும். உருவங்கள் எடுப்பாகத் தெரிவதற்கென்றே பள்ளங்களில் பூசிய கருமையும் போய்விடும். காய்ந்த மெல்லிய துணி போதும்.

மாட்டும்போது கைப்பிடி வாரில் தொங்கவிடாதீர்கள். வார் நாளடைவில் இழுபட்டு அறும். விளிம்பைத் தாங்க அடியில் இரண்டு கொக்கிகள் வையுங்கள்.

அப்புறம், எதனால் செய்தது, எப்போது வாங்கியது, எதன் நகல் என்று ஒரு சீட்டு எழுதிப் பின்னால் ஒட்டிவிடுங்கள். நமக்குப் பிறகு யாராவது அதை அசல் என்று விற்றுவிடலாம். என் டாலின் முதுகில் இருப்பது இது: ‘நகல். தகரம். குமிழ்கள் பசையில் நிற்கின்றன.’