நாலு நாற்காலியில் அரசாங்கம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் மார்க்கெட் பக்கத்தில் எனக்கு ஒரு சின்ன போட்டோகாப்பி கடை இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாகப் பிரதி எடுத்ததைவிடப் போராங், அதாவது அரசாங்கப் படிவம், நிரப்பிக் கொடுத்ததுதான் அதிகம். "அக்கா, இத எங்க கொண்டு போய்க் குடுக்கணும்?" என்று கேட்காமல் யாரும் கடைப் படியை விட்டு இறங்குவதில்லை. அதற்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், எந்தக் குறையை எந்த அலுவலகத்தில் சொல்வது என்று வகுப்பு வைக்க ஆரம்பித்தேன். எட்டுப் பத்துப் பேர் வருவார்கள். உங்கள் ஊரிலும் நடத்த ஆசையிருந்தால், நான் செய்கிற விதம் இதுதான்.

முதல் காரியம், அரசமைப்புச் சட்டத்தில் ஆரம்பிக்காதீர்கள். நான் ஆரம்பித்துப் பட்டுவிட்டேன். நாடாளுமன்றம், அமைச்சரவை, நீதிமன்றம் என்று காலண்டர் அட்டையின் பின்பக்கம் பெரிதாக எழுதி மாட்டினேன். முன்வரிசைப் பாட்டி பத்தே நிமிஷத்தில் தூங்கிப்போனார். ருக்குன் நெகாரா என்கிற தேசியக் கோட்பாடுகள் ஐந்தையும் மூச்சு விடாமல் ஒப்பித்த ஆறாம் ஆண்டுப் பிள்ளையிடம், "உங்க வீட்டு முன்னால லைட் எரியலேன்னா யாரப் போய்க் கேப்ப?" என்றேன். "ஒய்பிய" என்றாள், அதாவது நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய மக்கள் பிரதிநிதியை. "எந்த ஒய்பிய?" என்றதும் முழித்தாள். பக்கத்தில் இருந்த அவள் அம்மாவும் முழித்தார்.

ஆகவே, எது கெட்டுக் கிடக்கிறதோ அதிலிருந்து ஆரம்பியுங்கள். வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு குறை சொல்லட்டும். ஒரு சீட்டில் ஒரு குறை என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் மண்டபத்தின் நடுவில் நாலு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அட்டையில் பெயர் எழுதி ஒட்டுங்கள். என் நாற்காலிகளின் பெயர் புத்ராஜெயா, ஈப்போ, கோலகங்சார், தோட்ட ஆபீஸ். எங்களுக்கு இது ஒரு வசதி. கூட்டரசு புத்ராஜெயாவில், மாநிலம் ஈப்போவில், நகராண்மைக் கழகம் கோலகங்சாரில் என்று மூன்றும் மூன்று வெவ்வேறு ஊரில் இருக்கின்றன. எவ்வளவு பஸ் காசு ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் குழம்பாது. நீங்கள் ஈப்போவை எடுத்துவிட்டு ஷா ஆலாமோ அலோர் ஸ்டாரோ சிரம்பானோ எழுதிக்கொள்ளுங்கள். நாலாவது நாற்காலி மட்டும் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. தோட்டத்தில் அது இல்லாமல் கணக்குத் தீராது.

இப்போது சீட்டை அவர்கள் கையிலேயே கொடுத்து, எந்த நாற்காலிக்குப் போகும் என்று வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் தப்பாகத்தான் வைப்பார்கள். வைக்கட்டும். ஐசி என்கிற அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடம், போலீஸ், கிளினிக், இபிஎஃப் சேமநிதி எல்லாம் புத்ராஜெயா. நிலம் ஈப்போ. தண்ணீரும் எங்கள் மாநிலத்தில் ஈப்போதான், பேராக் நீர் வாரியம். கால்வாய், சந்தை, கடை லைசென்ஸ் கோலகங்சார். குப்பையும் அங்கேதான், ஆனால் இது ஊருக்கு ஊர் மாறும். கெடாவிலும் ஜோகூரிலும் குப்பை வேலை 2007-ஆம் ஆண்டுக் கூட்டரசு சட்டத்தின் கீழ் போய்விட்டது. பேராக்கும் சிலாங்கூரும் அதில் சேரவில்லை.

சீட்டெல்லாம் உட்கார்ந்த பிறகு சட்டத்தைச் சொன்னால் ஏறும். இதை யார் பிரித்தார்கள் என்று யாராவது கேட்பார்கள். கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணை என்று அப்போது சொல்லுங்கள். அதில் மூன்று பட்டியல்: கூட்டரசுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. சுகாதாரம், நோய்த் தடுப்பு, சமூக நலன் எல்லாம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் டிங்கி வந்தால் இரண்டு பக்கமும் ஓட வேண்டியிருக்கிறது. மாநிலப் பட்டியலில் நான் தவறாமல் வாசித்துக் காட்டுவது ஒரு வரி: சுடுகாடு, இடுகாடு, அதற்கு அடுத்து மேயப் போன மாட்டைப் பிடித்து அடைக்கிற பட்டி. "மாடு வரைக்குமா எழுதி வச்சிருக்கான்?" என்று தூங்கிய பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அவருக்கு மூன்று பசு மாடு.

சாலைக்கு மட்டும் ஒரு நாள் தனியாக ஒதுக்குங்கள். அதை மண்டபத்துக்குள் சொல்லித்தர முடியாது, கூட்டிக்கொண்டு வெளியே போங்கள். எங்கள் பட்டணத்தின் நடுவே ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகிற பெரிய சாலைக்குப் பலகையில் வெறும் 1 என்று இருக்கும். எண் மட்டும் இருந்தால் கூட்டரசு சாலை. எண்ணுக்கு முன்னால் ஏ இருந்தால் பேராக் மாநிலச் சாலை, கார் பிளேட்டில் வருகிற அதே ஏ. சிலாங்கூருக்கு பி, கெடாவுக்கு கே. இ என்று இருந்தால் டோல் கட்டுகிற நெடுஞ்சாலை. கூட்டரசு, மாநிலம் இரண்டையும் நாம் ஜேகேஆர் (பொதுப்பணி இலாகா) சாலை என்றுதான் சொல்கிறோம், ஆனால் காசு வருகிற பை வேறு வேறு. தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிக்குள் வீட்டு வரிசைகளுக்கு நடுவே ஓடுகிற சாலை பெரும்பாலும் நகராண்மைக் கழகத்துடையது. செம்பனைக்கு நடுவே தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் வரைக்கும் போகிற சாலையில் எந்தப் பலகையும் இருக்காது.

அந்தப் பலகை இல்லாத சாலையில்தான் நான் மாட்டினேன். பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு குழி. இரவு வேலை முடிந்து வந்த பையன் மோட்டாரோடு விழுந்து கை உடைந்தது. எனக்குக் கோபம். ஓர் அலுவலகத்துக்குக் கடிதம், பதில் இல்லை. இன்னோர் அலுவலகத்துக்குக் கடிதம், நினைவூட்டல், மறுபடியும் நினைவூட்டல். நாலு மாதம் கழித்து இரண்டு வரிப் பதில் வந்தது: அது தனியார் சாலை. உண்மைதான். அது கம்பெனி நிலம், கம்பெனி சாலை. நான் முதல் நாளே தோட்ட ஆபீஸ் தலைமை எழுத்தரான பெரிய கிராணியிடம் போய் நின்றிருக்க வேண்டும். அலுவலகங்களைத் திட்டி நாலு மாதத்தை வீணாக்கியது நான்தான். அதிலிருந்துதான் நாலாவது நாற்காலி வந்தது.

தோட்ட ஆபீஸ் கேட்கவில்லையென்றால் என்ன செய்வது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். தொழிலாளிக்குக் கொடுத்த வீடு, தண்ணீர், மின்சாரம், கழிப்பறை சம்பந்தப்பட்டதென்றால் 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது தொழிலாளர் இலாகா, அதாவது சீட்டு மறுபடியும் புத்ராஜெயா நாற்காலிக்கு வருகிறது. பழைய ஆட்களுக்கு இது புதிதில்லை. இது முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் நின்று ஜெயித்த தொகுதி. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில், 1960-இல், அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தபோதே, லயம் யாருடையது, நிலம் யாருடையது என்ற கேள்வி எங்கள் அம்மா காதில் விழுந்துவிட்டது.

அடுத்த வகுப்புக்கு வீட்டிலிருக்கிற பில்லைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சொந்த வீட்டுக்காரர்களிடம் இரண்டு இருக்கும். ஒன்று சுக்காய் பிந்து என்கிற வீட்டு வரி, பிப்ரவரி கடைசிக்குள் ஒரு தவணை, ஆகஸ்ட் கடைசிக்குள் ஒரு தவணை. இன்னொன்று சுக்காய் தானா என்கிற நில வரி, வருஷத்துக்கு ஒரு தரம், மே 31-க்குள். முதலாவது நகராண்மைக் கழகத்துக்கு, இரண்டாவது மாநிலத்துக்கு. பில்லின் தலைப்பைப் பார்த்தாலே யாரிடம் கேட்க உரிமை இருக்கிறது என்று தெரிந்துவிடும். லயத்தில் இருப்பவர்கள் இரண்டும் இல்லாமல் வெறுங்கையோடு வருவார்கள். அப்போது அவர்களே நாலாவது நாற்காலியைப் பார்ப்பார்கள். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

ஒய்பிக்கு வருவோம். எங்கள் ஊரில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், 222 பேரில் ஒருவராகக் கோலாலம்பூரில் உட்காருகிறார். அதே தொகுதிக்குள் லிந்தாங், ஜாலோங் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். அந்த இருவரும் 59 பேரில் இருவராக ஈப்போவில் உட்காருகிறார்கள். மூவருமே ஒய்பிதான். பள்ளிக்கூடத்துச் சீட்டை ஈப்போ ஒய்பியிடமும் நிலத்துச் சீட்டைக் கோலாலம்பூர் ஒய்பியிடமும் கொண்டு போனால், மரியாதையாகக் காப்பி கொடுத்து அனுப்புவார்கள்.

"நகராண்மைக் கழக உறுப்பினருக்கு நாம எப்ப ஓட்டுப் போடறது?" என்று ஒருவர் கேட்பார், கட்டாயம் கேட்பார். போடுவதில்லை. ஊராட்சித் தேர்தலை 1965-இல் நிறுத்தினார்கள், 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அதை முடித்தே வைத்தது. உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. 2022 நவம்பர் 19-ஆம் தேதி பேராக்கில் நமக்கு இரண்டு வாக்குச்சீட்டு கொடுத்தார்கள். அதில் சட்டமன்றச் சீட்டை "சும்மா சின்ன ஓட்டு" என்று நினைத்தவர்கள் பலர். நிலம், தண்ணீர், குப்பை லாரி எல்லாம் அந்தச் சின்ன ஓட்டில்தான் இருக்கிறது.

ஓட்டு பற்றி இன்னொன்று. 2021 டிசம்பர் 15-லிருந்து 18 வயதானால் பெயர் தானாகவே பதிவாகிவிடும், ஐசியில் உள்ள விலாசத்தை வைத்து. அங்கேதான் நம் பிள்ளைகளுக்குச் சிக்கல். லயத்தை இடித்து நாளாகிவிட்டது, குடும்பம் தாமானுக்கு வந்துவிட்டது, ஐசி மட்டும் இன்னும் பழைய தோட்டத்திலேயே குடியிருக்கிறது. வகுப்பிலேயே ஒரு கைப்பேசியை எடுத்து, வாக்காளர் பதிவைப் பார்க்கிற, தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் இணையப் பக்கத்தில் ஒவ்வொருவரும் தன் ஐசி எண்ணைத் தானே போட்டுப் பார்க்கட்டும்.

கடைசியாகக் கடிதம். ஒரு கடிதத்தில் ஒரே விஷயம், ஒரே பக்கம், மலாயில். தேதி, இடம், பக்கத்தில் என்ன இருக்கிறது, விளக்குக் கம்பத்தில் எண் இருந்தால் அந்த எண், ஒரு படம். இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் சாப்பு (முத்திரை) குத்தி வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். போனில் புகார் சொன்னால் புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகார், சொல்லாத புகார். கூட்டரசு அலுவலகம் ஒன்று பதிலே தரவில்லையென்றால், அந்தச் சாப்பு குத்திய பிரதியோடு பொதுப் புகார் பிரிவுக்கு, பிரோ பெங்காடுவான் ஆவாமுக்கு, போகலாம்.

போன வகுப்பில் ஒரு சீட்டு எந்த நாற்காலியிலும் உட்காரவில்லை. மாட்டுப் பாட்டியுடைய சீட்டு அது. தோட்டத்துச் சுடுகாட்டுக்குப் போகிற பாதையில் புதிதாக வேலி போட்டுவிட்டார்கள். சுடுகாடு மாநிலப் பட்டியல். நிலம் கம்பெனியுடையது என்று எல்லோரும் சொல்கிறார்கள், பத்திரத்தை யாரும் பார்த்ததில்லை. சீட்டு இப்போது ஈப்போவுக்கும் தோட்ட ஆபீஸுக்கும் நடுவே தரையில் கிடக்கிறது. கட்டணம் கட்டினால் நில அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் பத்திரத்தைத் தேடிப் பார்க்கலாம். திங்கட்கிழமை கடையைப் பத்து மணிக்குத்தான் திறப்பேன். பாட்டியும் வருகிறாராம், பழைய தோட்டத்து வரைபடம் ஒன்று பெட்டியில் இருக்கிறது என்றார்.