ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் குழுவுக்குச் சாட்சியம் அனுப்புவது எப்படி: ஒளிபரப்பும் அகதிகளும்

எடின்பரோவின் ஹோலிரூட்டில் இருக்கும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில், பிபிசியை விசாரிக்கும் குழுதான் 2022-இல் உக்ரைன் அகதிகளுக்கான உதவியையும் விசாரித்தது. அரசியலமைப்பு, ஐரோப்பா, வெளியுறவு, பண்பாட்டுக் குழு என்று அப்போது அதற்கு நீளமான பெயர். முதலில் பார்க்க விசித்திரமாக இருக்கும், காரணம் எளியது. குழுக்கள் பெரும்பாலும் அமைச்சர்களின் இலாகாவைப் பின்தொடர்ந்து போகும். அப்போது பண்பாடு, ஐரோப்பா ஆகியவற்றுக்குப் பொறுப்பாக இருந்த நீல் கிரே என்ற அமைச்சரிடமே உக்ரைன் அகதிகள் பொறுப்பும் கூடுதலாக ஒப்படைக்கப்பட்டது. அதனால் அந்த விவகாரமும் இந்தக் குழுவின் மேசைக்கு வந்தது.

ஆகவே சாட்சியம், அதாவது குழுவுக்கு அனுப்பும் கருத்தும் சான்றும், எழுத உட்காரும் முன் பார்க்க வேண்டியது, உங்கள் விஷயம் இன்றைக்கு எந்த அமைச்சர் கையில் இருக்கிறது என்பதை. உக்ரைனியர் அல்லாத அகதிகள், தஞ்சம் கோருவோர் பற்றிய கேள்விகளைச் சமத்துவம், மனித உரிமைகள் பார்க்கும் குழுவோ சமூகநீதிக் குழுவோ எடுத்துக்கொள்வது உண்டு. வீட்டு வசதி என்றால் உள்ளாட்சிக் குழு. ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் குழுக்கள் புதிதாக அமையும். பெயரும் மாறும், ஆட்களும் மாறுவார்கள். பழைய பக்கத்தில் கிடைத்த முகவரியை நம்பி அனுப்பினால் கலைந்துபோன குழுவுக்குப் போய்ச் சேரும். நாடாளுமன்றத் தளத்தில் நடப்புக் கூட்டத்தொடரின் குழுப் பட்டியலைப் பார்த்துவிட்டு, குழுவின் கிளார்க்குக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கிளார்க்குகள் கட்சி சாராத ஊழியர்கள். இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது அவர்கள் வேலை.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் வீண்

பெரும்பாலான சாட்சியங்கள் பலனில்லாமல் போவது இந்த இடத்தில்தான். 1998-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப்படி ஒளிபரப்பும் லண்டன் வசம், அதாவது ஐக்கிய இராச்சிய அரசின் கையில்; குடிவரவும் தஞ்சமும் லண்டன் வசம். பிபிசிக்காக வீடுகள் கட்டும் லைசென்ஸ் கட்டணத்தைக் குறையுங்கள், தஞ்ச மனுக்களைச் சீக்கிரம் முடியுங்கள் என்று எழுதினால் உறுப்பினர்கள் அனுதாபத்தோடு படிப்பார்கள். செய்ய அவர்களால் ஒன்றும் ஆகாது. லண்டனின் உள்துறையான ஹோம் ஆபீஸின் அமைச்சரை அழைக்கலாம். வந்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது.

பிபிசி விஷயத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2015-இல் ஏற்பட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தின்படி பிபிசி தன் ஆண்டறிக்கையையும் கணக்கையும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் முன்னும் வைக்க வேண்டும், குழு கூப்பிட்டால் வந்து பதில் சொல்ல வேண்டும். 2017 ஏப்ரல் முதல் பிபிசியைக் கண்காணிக்கும் ஆஃப்காமையும் குழு விசாரிக்கிறது. ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் வரும் சேனலான பிபிசி ஆல்பா 2008-இல் தொடங்கியது. அதில் பிபிசியின் கூட்டாளியான எம்ஜி ஆல்பாவுக்குப் பணம் தருவது ஸ்காட்லாந்து அரசு. ஆகவே கேலிக் ஒளிபரப்புக்கான நிதி பற்றிக் கேட்டால் அது நேராக எடின்பரோ அமைச்சரைப் போய்ச் சேரும், தட்டிக்கழிக்க இடமில்லை. பிபிசி இயங்க அனுமதி தரும் இப்போதைய அரச சாசனம் 2027 டிசம்பர் 31-உடன் முடிகிறது. புதுப்பிக்கும்போது ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதால், அந்தச் சமயத்தில் வரும் சாட்சியத்துக்கு வழக்கத்தைவிட எடை அதிகம்.

அகதிகள் பக்கமும் இதே கணக்குதான். விசா லண்டனுடையது. ஆனால் மருத்துவம், பள்ளி, கவுன்சில் வீடு, ஆங்கில வகுப்பு, சட்ட உதவி எல்லாம் ஸ்காட்லாந்தின் அதிகாரத்துக்குள் வருபவை. அரசும், 32 கவுன்சில்களின் சங்கமான கோஸ்லாவும், ஸ்காட்டிஷ் அகதிகள் கவுன்சிலும் சேர்ந்து நடத்தும் ‘நியூ ஸ்காட்ஸ்’ என்ற ஒருங்கிணைப்புத் திட்டத்தின் புதிய வடிவம் 2024-இல் வந்தது. வந்து இறங்கிய நாள் முதலே ஒருங்கிணைப்பு என்பது அதன் வாக்குறுதி. எழுத்தில் தந்த வாக்குறுதியைக் காட்டி, அதற்கும் களத்துக்கும் உள்ள தூரத்தைக் கேட்பது நல்ல சாட்சியத்தின் பாதி வேலையை முடித்துவிடும்.

கேள்வியைக் கூர்மையாக்குதல்

ஒளிபரப்பிலிருந்து ஒரு உதாரணம். ஐக்கிய இராச்சியம் முழுவதும் காட்டும் பிபிசி நிகழ்ச்சிகளில் குறைந்தது 8 சதவீத நேரமும் 8 சதவீதச் செலவும் ஸ்காட்லாந்தில் தயாரானவையாக இருக்க வேண்டும் என்பது ஆஃப்காம் விதி. ஒரு நிகழ்ச்சி ‘ஸ்காட்லாந்து தயாரிப்பு’ என்று கணக்காக, முதலில் அது லண்டனுக்கு வெளியே தயாரானதாகத் தேற வேண்டும். மூன்று அளவுகோல்கள்: தயாரிப்பு நிறுவனத்துக்கு லண்டனைச் சுற்றிய எம்25 சாலை வட்டத்துக்கு வெளியே உண்மையான அலுவலகம் இருக்க வேண்டும், தகுதிபெறும் பட்ஜெட்டில் 70 சதவீதமாவது அந்த வட்டத்துக்கு வெளியே செலவாக வேண்டும், திரைக்குப் பின்னால் வேலை செய்வோருக்கான செலவில் பாதியாவது வெளியே இருப்பவர்களுக்குப் போக வேண்டும். மூன்றில் இரண்டு தேறினால் போதும். கவனியுங்கள், படப்பிடிப்பு எங்கே நடந்தது என்பது பட்டியலிலேயே இல்லை. ஹைலண்ட்ஸ் மலையைத் திரையில் காட்டுவதற்கும் கிளாஸ்கோ எடிட்டருக்குச் சம்பளம் கிடைப்பதற்கும் சம்பந்தமில்லை.

எனவே “உள்ளூர்க் கலைஞர்களுக்கு வாய்ப்பு இல்லை” என்று எழுதுவதைவிட, “இந்த நிகழ்ச்சி எந்த இரண்டு அளவுகோல்களில் தேறியது, மூன்றாவதில் ஏன் தேறவில்லை என்று குழு பிபிசியைக் கேட்க வேண்டும்” என்று எழுதுங்கள். உறுப்பினர் அதை அப்படியே வாசித்துவிடலாம். வாசிப்பார்கள் என்பதுதான் முக்கியம். கேள்வியைத் தயாராகக் கையில் கொடுப்பவரை எந்த உறுப்பினரும் வெறுப்பதில்லை.

அகதிகள் பக்கம் எண்கள் இன்னும் கைகொடுக்கும். உக்ரைனியரை ஏற்றுக்கொண்ட கவுன்சில்களுக்கு ஐக்கிய இராச்சிய அரசு முதல் ஆண்டில் ஆளுக்கு 10,500 பவுண்டு தந்தது. 2023 ஜனவரி முதல் வந்தவர்களுக்கு அது 5,900 ஆனது. காலிக் கவுன்சில் வீடுகளைப் பழுதுபார்த்துக் குடியமர்த்த ஸ்காட்லாந்து அரசு 5 கோடி பவுண்டு நிதி ஒன்றை அறிவித்தது. அதே சமயத்தில் லீத் துறைமுகத்திலும் கிளாஸ்கோவிலும் இரண்டு பயணிகள் கப்பல்களில் குடும்பங்கள் தங்கியிருந்தன. வீட்டு நிதி எவ்வளவு செலவானது, எத்தனை வீடு தயாரானது, ஒவ்வொன்றும் எந்தக் கவுன்சிலில் என்று கேட்டால் அமைச்சர் எண்ணைச் சொல்லியாக வேண்டும். “அகதிகள் கஷ்டப்படுகிறார்கள்” என்றால் “நாங்களும் வருந்துகிறோம்” என்ற பதிலோடு முடிந்துவிடும்.

எண்கள் கையில் இல்லையா? கவுன்சிலிடமும் ஸ்காட்லாந்து அரசிடமும் 2002-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 20 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். குழுவின் கடைசித் தேதிக்குப் பத்து வாரம் முன்பே அனுப்பிவிடுவது நல்லது, ஏனென்றால் முதல் பதில் பெரும்பாலும் அரைகுறையாக வந்து மறுபரிசீலனை கேட்க வேண்டியிருக்கும். பிபிசியிடம் இந்த வழி அவ்வளவாக வேலை செய்யாது. பத்திரிகை, கலை, இலக்கிய நோக்கத்துக்காக வைத்திருக்கும் தகவலைத் தர வேண்டாம் என்று பிரிட்டிஷ் சட்டத்திலேயே அதற்கு விலக்கு உண்டு. நிகழ்ச்சிச் செலவைக் கேட்டால் அந்த விலக்கைத்தான் காட்டுவார்கள். அப்படி மறுக்கப்பட்ட கேள்வியைக் குழுவிடம் கொடுங்கள். மறுத்த கடிதத்தின் தேதியையும் சேர்த்து.

எழுதும் முறை

குழு ‘கருத்துக்கான அழைப்பு’ ஒன்றை இணையத்தில் வெளியிடும். அதில் கேள்விகள் எண்ணிட்டு இருக்கும். எல்லாவற்றுக்கும் பதில் எழுத வேண்டிய கட்டாயமில்லை. தெரிந்த இரண்டுக்கு ஆழமாக எழுதினாலே போதும். ஏ4 தாளில் மூன்று, நான்கு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பத்திகளுக்கு எண் போடுங்கள்; விசாரணையின்போது “உங்கள் 7-ஆம் பத்தியில்” என்று சுட்ட வசதி. முதல் பத்தியில் நீங்கள் யார், இந்த விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும். இரண்டாவதில் குழு என்ன செய்ய வேண்டும் என்று மூன்று வரி. சான்று அதற்குப் பிறகு வரட்டும். இந்த வரிசையை மாற்றி, கோரிக்கையைக் கடைசிப் பக்கத்தில் வைப்பவர்களே அதிகம். அங்கே போய்ப் படிக்க யாருக்கும் நேரமிருக்காது.

ஆங்கில வகுப்பு பற்றி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். “வகுப்புகள் போதவில்லை” என்று நிறுத்தாதீர்கள். எந்தக் கல்லூரி, எந்த நிலை, பெயர் கொடுத்தது எந்த மாதம், இடம் கிடைத்தது எந்த மாதம், வகுப்பு வாரத்துக்கு எத்தனை மணி நேரம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு உண்டா, பஸ் கட்டணம் யார் தருகிறார்கள். இந்த ஏழும் இருந்தால் அது சாட்சியம்.

அனுப்பியது அப்படியே இணையத்தில் வெளியாகும். தஞ்ச மனு நிலுவையில் உள்ள ஒருவர் தன் கதையைப் பெயரோடு எழுதினால் அதை ஹோம் ஆபீஸும் படிக்கலாம், அவர் தப்பி வந்த நாட்டின் அதிகாரிகளும் படிக்கலாம். நேர்காணலில் சொன்ன தேதிக்கும் இதில் எழுதிய தேதிக்கும் ஒரு மாத வித்தியாசம் வந்தால்கூட மனுவுக்கே ஆபத்து. முதலில் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பெயரில்லாமல் வெளியிடக் கேட்கலாம். ஆனால் சிறிய ஊர், ஒரே குடும்பம், குழந்தையின் நோய் என்று விவரங்கள் சேர்ந்தால் பெயர் இல்லாமலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். பிறருடைய பெயர், படம், மருத்துவ விவரம் வேண்டாம்.

நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றி எழுதினால் குழு வெளியிடாது. அவதூறு விஷயத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. நாடாளுமன்ற நடவடிக்கையில் சொன்னதற்கும் அதன் அதிகாரத்தில் வெளியானதற்கும் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அதே தாளை நீங்களே வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விட்டால் அந்தப் பாதுகாப்பு உங்களோடு வராது.

எப்போது அனுப்புவது

பணம் பற்றிய கோரிக்கை என்றால் கோடையே சரியான காலம். பட்ஜெட் வெளியாவதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன் குழுக்கள் தங்கள் அறிக்கையைத் தந்தாக வேண்டும். அதற்கான கருத்து அழைப்பு பெரும்பாலும் கோடை விடுமுறைக்கு முன் வெளியாகி, ஆகஸ்டு வாக்கில் முடிந்துவிடும். பட்ஜெட் அறிவித்த மறுநாள் எம்ஜி ஆல்பாவுக்கோ அகதி நிதிக்கோ கூடுதல் பணம் கேட்டு எழுதுவது பந்தி முடிந்தபின் இலை போடுகிற கதை. கடைசித் தேதி போய்விட்டால் கிளார்க்கிடம் கேளுங்கள், கடிதமாகச் சுற்றுக்கு விட வாய்ப்பு உண்டு.

நேரில் அழைத்தால்

ஒரு அமர்வு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். உங்களோடு இன்னும் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். ஆளுக்குப் பங்கிட்டால் பேசக் கிடைப்பது பதினைந்து, இருபது நிமிடம்தான். கூட்டத்துக்குச் சில நாள் முன் குழுவின் தாள்கள் வெளியாகும். அதில் நாடாளுமன்றத்தின் ஆய்வுப் பிரிவான ஸ்பைஸ் எழுதிய குறிப்பைக் கட்டாயம் படியுங்கள், கேள்விகள் பெரும்பாலும் அங்கிருந்தே பிறக்கும். மைக்கை நீங்கள் தொட வேண்டாம், ஊழியர்களே இயக்குவார்கள். காணொளி வழியாகவும் பேசலாம். மொழிபெயர்ப்பாளர் தேவை என்றால் அழைப்பு வந்த அன்றே சொல்லிவிடுங்கள். பயணச் செலவையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது. பதில் தெரியாவிட்டால் “எழுதி அனுப்புகிறேன்” என்று சொல்லலாம், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. சொன்னால் அந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

பேசியது முழுவதும் எழுத்தில் பதிவாகும். அறிக்கை வெளியானபின் அரசு வழக்கமாக இரண்டு மாதத்துக்குள் பதில் தரவேண்டும். அந்தப் பதிலில் ‘ஏற்கிறோம்’, ‘கவனத்தில் கொள்கிறோம்’ என்று இரண்டு விதம் வரும். இரண்டாவது வந்திருந்தால் உங்கள் தொகுதி உறுப்பினரிடம் சொல்லி எழுத்துமூலக் கேள்வியாகப் போடச் சொல்லுங்கள். விசாரணையே நடக்காத விஷயம் என்றால் மனு கொடுக்கலாம். ஒரே ஒரு கையெழுத்து போதும், ஆனால் அதற்கு முன் அரசிடமோ உறுப்பினரிடமோ நீங்கள் கேட்டுப்பார்த்திருக்க வேண்டும். அந்தக் கடிதப் போக்குவரத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், மனுப் படிவத்தில் கேட்பார்கள்.