பிரேக்குக்கு முன்னால் கிளச்சை மிதிக்காதீர்கள்

புதிதாகக் கார் பழகுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தால் ஒருமுறை போய்வந்தால் போதும், இந்தத் தவறைப் பார்த்துவிடலாம். முன்னால் ஓர் ஓட்டோ மெதுவாகிறது. உடனே இடது கால், எஞ்சினைச் சக்கரங்களிலிருந்து பிரிக்கும் கிளச்சை அடிவரை அமுக்குகிறது. கை கியரை, எந்தக் கியரும் விழாத நியூட்ரலுக்குத் தட்டுகிறது. அதற்குப் பிறகுதான் வலது கால் பிரேக்கைத் தேடிப் போகிறது. அதுவரை கார் எதன் பிடியிலும் இல்லாமல் உருண்டுகொண்டிருக்கும்.

என் மருமகனுக்குப் பழக்கும்போது, ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். "இல்லாட்டி எஞ்சின் நிண்டு போயிடும் மாமா" என்றான். அந்தப் பயம்தான் காரணம். சாரதி அனுமதிப்பத்திரப் பரீட்சையன்று எஞ்சின் நின்றுவிடக் கூடாது என்று பழகிய கால், அனுமதிப்பத்திரம் கையில் வந்து பத்து வருடமானாலும் அப்படியே முந்திக்கொண்டு போகிறது. இருபது வருடம் வாகனம் ஓட்டியவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன்.

காரை நிறுத்துவது பிரேக்கின் வேலை. நான்காம் கியரில் 60 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறீர்கள், முன்னால் நிறுத்த வேண்டியிருக்கிறது என்றால் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், பிரேக்கை மிதியுங்கள், கியர் இருந்தபடியே இருக்கட்டும். வேகம் நன்றாகக் குறைந்து, எஞ்சின் இனித் திணறப்போகிறது என்ற நேரத்தில் கிளச்சை மிதித்தால் போதும். நான்காம் கியரில் சிறிய கார்கள் பெரும்பாலும் 30 வரை இறங்கும். மூன்றாம் கியர் என்றால் 20 பக்கம் வரை தாங்கும். காருக்குக் கார் இது மாறும், காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். முற்றாக நிற்கப் போகிறீர்கள் என்றால் கிளச்சோடு நியூட்ரலுக்கு வரலாம். பாதை திறந்துவிட்டது, தொடர்ந்து போகலாம் என்றால் நான்கிலிருந்து நேராக இரண்டுக்குப் போகலாம். இடையில் மூன்றைத் தொட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

60 கிலோமீற்றர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 16 மீற்றருக்கு மேல் ஓடுகிறது. கிளச்சுக்கும் கியருக்கும் முதலிடம் கொடுத்து பிரேக் ஒரு விநாடி பிந்தினால், கிட்டத்தட்ட நான்கு கார் நீளத்தைக் கொடுத்துவிடுகிறீர்கள். இரவில் மாடு படுத்திருக்கும் வீதிகளிலும், அறுவடைக் காலத்தில் பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரப் பெட்டிகள் ஊர்ந்து போகும் அம்பாறை வீதியிலும் அந்த நான்கு கார் நீளம் உயிர் போகிற விசயம். திடீரென்று மாடு குறுக்கே வந்தால் பிரேக்கை முழுதாக மிதியுங்கள். எஞ்சின் நின்றால் நிற்கட்டும், பிறகு போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது எரிபொருள். நியூட்ரலில் உருட்டினால் பெற்றோல் மிச்சம் என்ற நம்பிக்கை எங்கள் பக்கம் ஆழமாக ஊறியிருக்கிறது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தபோது, அதுவரை அப்படி ஓட்டாதவர்களும் தொடங்கினார்கள். அந்த நாட்களில் வரிசையில் இரவு பகலாக நின்றவன் என்ற வகையில் அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்கு அப்படியில்லை.

எஞ்சினின் இழுப்பிலேயே பெற்றோல் போகும் காபரேட்டர் வைத்த பழைய கார்களில் இந்த நம்பிக்கைக்கு ஓரளவு நியாயம் இருந்தது. கியரில் கிடக்கும்போதும் எஞ்சின் பெற்றோலை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். மொரிஸ் மைனர் காலத்து அப்பாமார் சொல்லிக் கொடுத்தது அதை வைத்துத்தான். பெற்றோலை அளந்து பீச்சும் இன்ஜெக்டர் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. கார் கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போது அக்சிலேட்டரை முழுதாக விட்டால், காரின் கொம்பியூட்டர் எரிபொருளை அடியோடு நிறுத்திவிடும். சக்கரங்கள்தான் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும், ஒரு சொட்டும் செலவில்லை. எஞ்சினின் சுழற்சி நிமிடத்துக்கு 1000, 1500 என்ற அளவுக்கு இறங்கியதும் மறுபடி விடத் தொடங்கும். நியூட்ரலுக்குத் தட்டினாலோ எஞ்சின் தானாகச் சுற்ற வேண்டும், அதற்குப் பெற்றோல் வேண்டும். சிறிய காரில் மணித்தியாலத்துக்கு அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை போகும்.

நியாயமாகச் சொன்னால், நிற்க வேண்டிய தேவையே இல்லாத நீண்ட சமதரையில் நியூட்ரலில் போட்ட கார் கூடத் தூரம் உருளும், ஏனென்றால் எஞ்சினின் இழுவை இல்லை. ஆனால் நாங்கள் பேசுவது நிறுத்துவதைப் பற்றி. நிறுத்தும்போது அந்த இழுவைதானே வேண்டும்? இலவசமாகக் கிடைக்கும் பிரேக்கை எதற்குக் கழற்றிவிட வேண்டும்? அதோடு, இருபது விநாடி உருண்டு நிற்பதில் செலவாவதும் மிச்சமாவதும் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி பெற்றோல். அதற்காகக் காரின் பிடியை விடுவது தகாது.

இனி மறுபக்கத் தவறு. நியூட்ரல் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பிரேக்கைத் தொடாமல் நான்கு, மூன்று, இரண்டு என்று கியரைப் போட்டே காரை நிறுத்தப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இளம் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தத்தில் ஒரு பெருமை. ஒவ்வொரு தடவையும் கிளச்சை விடும்போது கிளச் பிளேட்தான் அந்த வேக வித்தியாசத்தைத் தின்கிறது. பிரேக் பாட் மாற்றுவது கராஜில் சக்கரத்தைக் கழற்றி முடிக்கிற வேலை. கிளச் பிளேட் மாற்ற கியர் பொக்ஸையே இறக்க வேண்டும். எது செலவு என்று யோசியுங்கள். குறைந்த கியரை வேகம் குறையுமுன் போட்டுவிட்டால் எஞ்சின் தாங்கக்கூடிய அளவுக்கு மேலே சுற்றும். சுழற்சியை மட்டுப்படுத்தும் கொம்பியூட்டர் இந்த இடத்தில் காப்பாற்றாது, எஞ்சினைச் சுற்றுவது சக்கரமல்லவா. மாரி மழையில் நனைந்த தாரிலோ, கடற்கரைப் பக்கம் காற்று அள்ளிப் போட்ட மணலிலோ கிளச்சைப் பட்டென்று விட்டால் இழுக்கும் சக்கரம் வழுக்கும். பின்சக்கரத்தால் ஓடும் வான் என்றால் பின்பக்கம் சுழன்றுவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது, பலர் யோசிக்காதது. கியரால் வேகம் குறைந்தால் பின்னாலுள்ள சிவப்பு விளக்கு எரியாது. காத்தான்குடி ஈச்சமரங்களுக்குப் பக்கத்தால் போகும்போது உங்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் வரும். நீங்கள் மெதுவாவது அவருக்குத் தெரிய வேண்டும். கியரைக் குறைத்தாலும் பிரேக்கை லேசாகவாவது தொட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கியரைக் குறைப்பது எப்போது அவசியம்? மலை இறக்கத்தில். மட்டக்களப்பில் பழகியவர்களுக்கு ஆபத்து இங்கேதான், எங்கள் தரை கை விரித்தது போலச் சமமாகக் கிடப்பதால். இங்கே வருடக்கணக்காக நியூட்ரலில் உருட்டினாலும் ஒன்றும் நடக்காது, அதனால் பழக்கம் சரி என்று தோன்றிவிடும். பிறகு சித்திரை விடுமுறைக்கு வான் நிறையச் சனத்தை ஏற்றிக்கொண்டு செங்கலடியால் திரும்பி, மகா ஓயா, பிபிலை கடந்து பதுளைக்குப் போவார்கள். போகும்போது ஏற்றம், பிரச்சினையில்லை. திரும்பி வரும்போது லுணுகலையிலிருந்து பிபிலைப் பக்கம் இறங்கும் வளைவுகளில் பழைய கை நியூட்ரலுக்குப் போகும்.

நியூட்ரலில் இறங்கும் வண்டியின் முழுப் பாரத்தையும் பிரேக் மட்டுமே சுமக்கிறது. தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் பாட் சூடேறிப் பிடிமானம் குறையும், கருகல் மணம் வரும். அதற்கு மேல் பிரேக் ஒயில் கொதிக்கும். டொட் 3 என்ற வகைப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது தரம். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். ஈரம் ஏறிய நிலையில் அதே தரம் 140 பாகைதான் கேட்கிறது. வருடக்கணக்காக மாற்றாத ஒயில் மலையில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் வரும். ஆவி அமுங்கும், ஒயில் அமுங்காது. பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. மலைப் பயணத்துக்கு முன் ரயரைப் பார்க்கிறவர்கள் பிரேக் ஒயிலையும் கேட்டுப் பாருங்கள். எங்கள் புழுக்கத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

இறக்கம் தொடங்குமுன்பே, அதே இடத்தில் ஏறுவதென்றால் எந்தக் கியர் போடுவீர்களோ அந்தக் கியருக்கு வந்துவிடுங்கள். சனம் நிறைந்த வானுக்கு அது இரண்டாம் கியராகத்தான் இருக்கும். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வராமல் ஒருமுறை உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, வேகம் ஏறினால் மறுபடி மிதியுங்கள். பெடல் பஞ்சுபோல மெத்தென்று போகத் தொடங்கினால் கியரை இன்னும் குறைத்து, தட்டையான இடம் பார்த்து நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வளையும்.

எஞ்சினையே ஓஃப் பண்ணிவிட்டு இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிரேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தம் எஞ்சினால் வருவது. எஞ்சின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்குள் அது தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் போய்விடும். திறப்பைக் கூடத் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

நின்ற பிறகு செய்யும் சிறிய தவறு ஒன்று: ரயில் கடவை மூடியிருக்கும்போது முதலாம் கியரில் கிளச்சை மிதித்துக்கொண்டே காத்திருப்பது. நியூட்ரலில் போட்டு, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, காலை எடுத்துவிடுங்கள். நியூட்ரலுக்கு உரிய இடம் அதுதான். படலை திறந்ததும் முதலாம் கியரைப் போட்டு, தண்டவாளத்தைத் தாண்டும் வரை கியரை மாற்றாமல் போங்கள்.

மருமகனின் பயத்தைப் பேச்சால் போக்க முடியவில்லை. ஒரு ஞாயிறு விடியற்காலை ஆளில்லாத வீதிக்குக் கூட்டிப்போய், மூன்றாம் கியரில் ஓடவிட்டு, கிளச்சைத் தொடாமல் பிரேக்கை மட்டும் மெல்ல மிதித்துக்கொண்டு வா, கார் நடுங்கினால் நடுங்கட்டும் என்றேன். மீற்றர் 40, 30 என்று இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை. 20க்குக் கீழே போன பிறகுதான் மெல்ல உதறியது. "இவ்வளவு நேரம் தாங்குமா மாமா?" என்று கேட்டான். எஞ்சினை வேண்டுமென்றே இரண்டு தடவை நிற்கவிட்டோம், மறுபடி போட்டோம். அன்று அந்த வீதியில் பதினைந்து இருபது தடவை நிறுத்தியிருப்பான். திரும்பி வரும்போது ஆரையம்பதியில் ஒரு சைக்கிள் குறுக்கிட்டதும் இடது கால் பழையபடி முந்தியது. அடுத்த ஞாயிறும் போனோம்.