மாற்றியமைத்த ஸ்னோமொபைலில் குளிரூட்டும் அமைப்பை மேம்படுத்துவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

டர்போ ஏற்றியோ, பெரிய சிலிண்டர் மாட்டியோ ஸ்னோமொபைலின் (பனியில் ஓடும் வண்டி) திறனைக் கூட்டியவர்களை அடுத்து வந்து பிடித்துக்கொள்வது சூடுதான். திறன் கூடினால் எஞ்சின் வெளியேற்ற வேண்டிய வெப்பமும் கூடும். தொழிற்சாலையில் பொருத்திய குளிரூட்டும் அமைப்போ பழைய திறனுக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. அதற்காக உடனே பெரிய ரேடியேட்டர் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். இந்த வண்டி குளிர்கிற விதமே வேறு.

காரிலும் பைக்கிலும் ரேடியேட்டரைக் குளிர்விப்பது காற்று. திரவக் குளிர்ச்சி உள்ள ஸ்னோமொபைலில் அந்த வேலையைப் பெரும்பாலும் பனியே செய்கிறது. வண்டியைத் தள்ளும் சுழல்பட்டையான டிராக்குக்கு மேலே கூரைபோல் இருக்கும் டனலின் அடிப்பக்கத்தில் அலுமினிய ஹீட் எக்ஸ்சேஞ்சர்கள் (வெப்பமாற்றிகள்) பொருத்தப்பட்டிருக்கின்றன. டிராக் சுழலும்போது வாரி இறைக்கும் பனி அவற்றின்மேல் பட்டு உருகி, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு கிலோ பனி உருகுவதற்கு மட்டும் சுமார் 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைக் கொண்டு ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து கிட்டத்தட்ட 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கலாம். காற்றால் இதற்குப் பக்கத்தில்கூட வர முடியாது. அதனால் நான் எப்போதும் சொல்வது: முதலில் பனியை எக்ஸ்சேஞ்சருக்குக் கொண்டுவாருங்கள், பிறகு அலுமினியத்தைக் கூட்டுங்கள்.

படி 1: எங்கே சூடாகிறது என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் வீணாகச் செலவு செய்கிறார்கள். வண்டியை இரண்டு இடங்களில் ஓட்டிப் பாருங்கள்: ஒன்று ஆழமான, மிருதுவான புதுப்பனி, இன்னொன்று இறுகிப்போன பாதை அல்லது உறைந்த ஏரி. இறுகிய தரையில் மட்டும் சூடு ஏறினால் எக்ஸ்சேஞ்சருக்குப் போதுமான பனி வந்து சேரவில்லை. புதுப்பனியிலும் ஏறினால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. கூலன்ட்டில் காற்று சிக்கியிருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் (கூலன்ட் சூடானதும் வழிவிடும் வால்வு) முழுதாகத் திறக்காமல் இருக்கலாம், ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் தலைப்பகுதிக்கும் இடையிலான அடைப்பு) கசியலாம். இவை எல்லாம் சரியாக இருந்தும் ஏறினால்தான் எக்ஸ்சேஞ்சரின் அளவு பற்றவில்லை என்ற முடிவுக்கு வரலாம்.

மாற்றியமைத்த எஞ்சினில் இன்னொன்றையும் பார்த்தே ஆக வேண்டும். காற்றோடு கலக்கும் பெட்ரோல் குறைவாக இருந்தாலும், இக்னிஷன் நேரம் (தீப்பொறி விழும் நேரம்) அளவுக்கு மீறி முன்தள்ளி இருந்தாலும் பிஸ்டன் தலையில் சூடு கடுமையாகும். எத்தனை எக்ஸ்சேஞ்சர் மாட்டினாலும் அது தீராது. டியூனிங் சரியான பிறகே கூலிங் வேலையில் கை வையுங்கள்.

அளக்க ஓர் அகச்சிவப்பு வெப்பமானி போதும். ஆனால் பளபளக்கும் அலுமினியத்தில் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அளக்கும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதன்மேல் குறிவைத்து அளவெடுங்கள். ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சரிலும் கூலன்ட் நுழையும் இடம், வெளியேறும் இடம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் வித்தியாசமே இல்லாத எக்ஸ்சேஞ்சருக்குப் பனி போய்ச் சேரவில்லை என்று கொள்ளலாம்.

படி 2: ஸ்கிராட்சர் மாட்டுங்கள்

இறுகிய பாதையில்தான் சிக்கல் என்றால் இதைவிட மலிவான தீர்வு கிடையாது. சஸ்பென்ஷன் ரெயிலில் மாட்டப்படும் இந்தக் கம்பிகள் தரையைச் சுரண்டிப் பனித்தூளைக் கிளப்பிவிடும். அந்தத் தூளை டிராக் மேலே அள்ளிக்கொண்டு போய் எக்ஸ்சேஞ்சரில் சேர்க்கும். ரெயிலின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்லைடுகளும் இதனால் நனைந்து, உரசிச் சூடாகாமல் பிழைக்கும். விறைப்பான கம்பி வகை ரிவர்ஸ் எடுக்கும்போது வளையவோ உடையவோ கூடும். கேபிள் வகையில் அந்தத் தொந்தரவு குறைவு, புதியவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். மாட்டியபின் மறுபடி ஓட்டி அளந்து பாருங்கள். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

படி 3: கூடுதல் எக்ஸ்சேஞ்சரைத் தேர்ந்தெடுங்கள்

உங்கள் மாடலிலேயே நீளமான டிராக் கொண்ட வடிவம் இருந்தால் அதன் எக்ஸ்சேஞ்சர் பொருந்துமா என்று முதலில் பாருங்கள். துளைகளும் ஹோஸ் அளவும் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். வெல்டிங் செய்து உருவாக்கியதை வாங்கினால், மாட்டும் முன் உள்ளே அலுமினியத் துகள் இல்லாதபடி நன்றாகக் கழுவிவிடுங்கள். ஒரு சிறு துகள் போதும், பம்பின் இறக்கையைக் கெடுத்துவிடும். பிறகு ஒரு முனையை அடைத்துத் தண்ணீரில் அமிழ்த்தி, குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்துங்கள். குமிழி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டிராக்குக்கும் எக்ஸ்சேஞ்சருக்கும் இடையிலான இடைவெளியில் கவனம் அதிகம் தேவை. வேகத்தில் டிராக் வெளிப்புறமாக உப்பும். நிறுத்தி வைத்த வண்டியில் தாராளமாகத் தெரியும் இடைவெளி ஓட்டத்தில் காணாமல் போய்விடும். டிராக்கில் ஸ்டட் (பிடிப்புக்கான உலோக முனை) அடித்திருந்தால் அவற்றின் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, டனலில் பாதுகாப்புப் பட்டைகளும் மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஸ்டட்டுகள் எக்ஸ்சேஞ்சரைக் கிழித்துக் கூலன்ட் முழுவதையும் பனியில் கொட்டிவிடும்.

ஃபேன் வைத்த ரேடியேட்டர், பனி கிடைக்காத பந்தயத் தடங்களில் ஓட்டுபவர்களுக்கு உதவும். அதற்கு வேண்டிய மின்சாரத்தை உங்கள் ஸ்டேட்டர் (எஞ்சினில் மின்சாரம் தயாரிக்கும் பகுதி) தருமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பனி புகுந்து அடைக்காமல் இருக்க வலையும் வேண்டும்.

படி 4: பழைய கூலன்ட்டை வடியுங்கள்

எஞ்சின் முழுதாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீறிடும். வடிந்ததை மூடிபோட்ட கேனில் பிடித்து, கழிவு எண்ணெய் வாங்கும் இடத்தில் கேட்டுக் கொடுங்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் கொடிய விஷம். தரையில் சிந்திய துளியை நாயோ பூனையோ நக்கிவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

படி 5: இணைப்பு

புதிய எக்ஸ்சேஞ்சரைப் பழையதோடு தொடராக இணையுங்கள், அதாவது ஒன்றிலிருந்து வெளிவரும் கூலன்ட் அடுத்ததற்குள் போகட்டும். இரண்டுக்கும் தனித்தனி வழியாகப் பிரித்துவிட்டால் கூலன்ட் எதிர்ப்புக் குறைந்த வழியாகவே ஓடும், மற்றதில் தேங்கி நிற்கும். தொடராக இணைத்தால் பம்புக்குச் சுமை கொஞ்சம் கூடும். அதனால் கூர்மையான வளைவுகளைத் தவிர்த்து, அசல் ஹோஸின் உள்விட்டத்தைவிடச் சிறிய குழாய் எங்கும் வராதபடி பாருங்கள். எக்ஸாஸ்ட்டுக்கும் சுழலும் கிளட்சுக்கும் அருகில் ஹோஸ் போகவே கூடாது. சிலிகோன் ஹோஸ் என்றால், உட்பட்டை மழுங்கலாக இருக்கும் கிளாம்ப் வாங்குங்கள். சாதாரணக் கிளாம்பின் வெட்டுகள் சிலிகோனை அறுத்துவிடும்.

படி 6: தெர்மோஸ்டாட்டை எடுத்து எறியாதீர்கள்

“தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் குளுகுளுவென்று ஓடும்” என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். கேட்காதீர்கள். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் சீக்கிரம் சூடாகி விரியும், சிலிண்டர் மெதுவாகத்தான் விரியும். டனலில் உறைநிலைக்கும் கீழே குளிர்ந்து கிடந்த கூலன்ட் திடீரென்று சிலிண்டரைச் சூழ்ந்தால், சிலிண்டர் சுருங்கி, விரிந்த பிஸ்டனை இறுக்கிப் பிடித்துவிடும். சூட்டில் எஞ்சின் சிக்குவதுபோலக் குளிரிலும் சிக்கும். எக்ஸ்சேஞ்சரைக் கூட்டியபின் டனலில் நிற்கும் குளிர்ந்த கூலன்ட்டின் அளவும் கூடுவதால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். பல இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் தெர்மோஸ்டாட் 40 முதல் 50 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும், நான்கு ஸ்ட்ரோக்கில் இதைவிட அதிகம். உங்கள் மாடலுக்குரிய அளவிலேயே புதிதாக ஒன்று மாட்டுங்கள். அது திறக்கும்வரை வண்டியை முறுக்காமல் ஓட்டுங்கள்.

படி 7: நிரப்புங்கள், காற்றை வெளியேற்றுங்கள்

எத்திலீன் கிளைக்காலும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் −37 டிகிரி வரை உறையாது. கூலன்ட்டைக் கலக்காமல் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள். தனிக் கிளைக்கால் −13 டிகிரி அளவிலேயே உறையும், வெப்பத்தையும் நீர்க்கலவை அளவுக்குச் சுமக்காது.

இந்த முழு வேலையிலும் பொறுமை கேட்கும் இடம் காற்றை வெளியேற்றுவது. ஹெட்டில் ஒரு காற்றுக்குமிழி தங்கினால் அந்த இடத்தைக் கூலன்ட் தொடாது, மீட்டர் சாதாரணமாகக் காட்டும்போதே பிஸ்டன் உருகலாம். கூலன்ட் ஊற்றும் வாய் மிக உயரமான புள்ளியாக வரும்படி வண்டியின் முன்புறத்தையோ பின்புறத்தையோ தூக்குங்கள். எதைத் தூக்குவது என்பது மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். காற்றை வெளியேற்றும் திருகான பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலன்ட் மட்டும் வரும்வரை மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். ஹோஸ்களைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் ஒளிந்திருக்கும் காற்றும் வரும். பிறகு ஸ்க்ரூவை இறுக்கி எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்ததும் கடைசி எக்ஸ்சேஞ்சர்வரை சூடு பரவுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். டிராக் சுழலும் நிலையில் மட்டும் டனலுக்குள் கை விடவே கூடாது. எஞ்சின் ஆறியதும் அளவு இறங்கியிருக்கும், மறுபடி ஊற்றி நிரப்புங்கள்.

படி 8: அழுத்தச் சோதனை, முதல் ஓட்டம்

எஞ்சின் ஆறியிருக்கும்போதே, கையால் அடிக்கும் அழுத்தச் சோதனைக் கருவியை மூடியின் இடத்தில் மாட்டி, மூடியில் பொறித்திருக்கும் அளவுவரை ஏற்றுங்கள். பல வண்டிகளில் அது 13 பிஎஸ்ஐ (அழுத்த அலகு). கால் மணி நேரம் முள் அசையாமல் நிற்க வேண்டும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் புதிது போடுங்கள். ஒவ்வொரு பிஎஸ்ஐ அழுத்தமும் கொதிநிலையை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயர்த்துகிறது, ஆகவே மூடி கசிந்தால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போகும்.

முதல் ஓட்டம் புதுப்பனியில், கேரேஜுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். பிறகு படி 1-இல் அளந்த அதே இறுகிய பாதையில் அதே வேகத்தில் ஓட்டி, கறுப்பு டேப் ஒட்டிய இடங்களில் மறுபடி அளந்து பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். இரவு முழுவதும் ஆறவிட்டு, மறுநாள் காலை கூலன்ட் அளவைப் பார்த்து, எல்லா கிளாம்ப்களையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.