மல்லிகை அப்சல்யூட்: பார்த்து வாங்கி, பாதுகாப்பாகக் கலப்பது எப்படி?

வீட்டில் பெர்ஃப்யூம் செய்து பார்க்க நினைக்கிறவர்கள் முதலில் தேடுவது மல்லிகையைத்தான். ஏமாறுவதும் அதில்தான் அதிகம். மற்ற சில பூக்களை ஆவியில் வடிப்பதுபோல மல்லிகையை வடித்தால் மணம் கெட்டுவிடும். அதனால் ஹெக்சேன் என்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து, 'கான்கிரீட்' எனப்படும் மெழுகுப் பசையை எடுக்கிறார்கள். அதை எத்தனாலில் கரைத்து, குளிரவைத்து மெழுகை வடிகட்டி, எத்தனாலையும் நீக்கினால் மிஞ்சுவதுதான் அப்சல்யூட்.

படி 1: பூவின் தாவரப் பெயரைக் கேளுங்கள். குண்டுமல்லி என்றால் ஜாஸ்மினம் சம்பக். ஜாதிமல்லி, அதாவது பிச்சி, ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம். இரண்டும் நம் ஊரிலேயே விளைகின்றன. மணமும் தோல் பாதுகாப்பு வரம்பும் வேறு வேறு. லேபிளில் வெறுமனே 'ஜாஸ்மின் ஆயில்' என்று இருந்தால் விட்டுவிடுங்கள்.

படி 2: விலையைக் கணக்குப் போடுங்கள். 1000 கிலோ பூவுக்குச் சுமார் 3 கிலோ கான்கிரீட் கிடைக்கும். அதில் ஏறக்குறைய பாதிதான் அப்சல்யூட். ஆக, 1 கிராமுக்கு 600–700 கிராம் பூ வேண்டும். 10 கிராம் பாட்டிலை 200 ரூபாய்க்குக் கொடுக்கிறேன் என்றால், பூ விலைக்கே கட்டாதே!

படி 3: அந்த பேட்சுக்கு உரிய ஜிசி-எம்எஸ் அறிக்கையும் (உள்ளே என்னென்ன வேதிப்பொருள் இருக்கிறது என்று காட்டும் ஆய்வு), பாதுகாப்புத் தரவுத் தாளும், இஃப்ரா (சர்வதேச வாசனைப் பொருள் சங்கம்) விதிப்படி எவ்வளவு சேர்க்கலாம் என்று சொல்லும் சான்றிதழும் வாங்குங்கள். அறிக்கையில் பென்சைல் அசிடேட், லினலூல், இண்டோல் இருப்பது இயல்பு. நீர்க்கப் பயன்படும் திரவமான டைஎத்தில் தாலேட் தென்பட்டால் சரக்கை நீர்த்திருக்கிறார்கள். மொட்டுப்புழுவுக்காக மல்லிகைக்கு மருந்து அடிப்பது சாதாரணம் என்பதால், பூச்சிமருந்து எச்சம், ஹெக்சேன் எச்சம் இரண்டுக்கும் பரிசோதனை முடிவு கேளுங்கள். தயங்காமல் தருகிற வியாபாரியை விட்டுவிடாதீர்கள்.

படி 4: நீர்த்துக்கொள்ளுங்கள். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். அப்சல்யூட் கெட்டியாக இருந்தால் மூடிய பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் சற்று வைக்கலாம். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் 1 கிராம் அப்சல்யூட், 9 கிராம் எத்தனால்: இது 10% கரைசல். சொட்டுக்கணக்கு வேண்டாம், சொட்டின் எடை மாறும். மெத்தனால் கலந்த ஸ்பிரிட்டைத் தொடவே தொடாதீர்கள். பாட்டிலில் பெயர், பேட்ச் எண், சதவீதம், தேதி எழுதி ஒட்டுங்கள்.

படி 5: வரம்பைச் சரிபாருங்கள். 100 கிராம் பெர்ஃப்யூமில் இந்தக் கரைசல் 5 கிராம் என்றால், உண்மையில் இருக்கும் மல்லிகை 0.5%. உடலில் பூசும் பெர்ஃப்யூமுக்கு இஃப்ராவின் 4ஆம் பிரிவு பொருந்தும். சான்றிதழில் அதற்குப் போட்டிருக்கும் சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இயற்கைப் பொருள்தானே என்று கூட்டிப் போடாதீர்கள். தோலுக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தொடரும்.

அப்புறம், முடிந்த கலவையை முழங்கையின் உள்பக்கம் துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ சோப்பு போட்டுக் கழுவிவிட்டு அந்தக் கலவையை ஒதுக்கிவையுங்கள். பிறருக்குக் கொடுப்பதானால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று லேபிளில் எழுதியே கொடுங்கள்.